அட்டவணையில் பன்னிரண்டு மணி நேரம், ரோமில் ஆறு

சொகுசுக் கப்பலின் பயண அட்டவணையில் "ரோம், காலை 7 முதல் இரவு 7 வரை" என்று ஒரு வரி இருக்கும். படித்ததும் பன்னிரண்டு மணி நேரம் ரோமைச் சுற்றலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வத்திக்கான், கொலோசியம், ட்ரெவி நீரூற்று, நடுவில் நிதானமாக ஒரு மதியச் சாப்பாடு என்று மனம் பட்டியல் போடத் தொடங்கிவிடும். அந்த ஒற்றை வரியில் சொல்லாமல் விட்டது நிறைய. கப்பல் ரோமுக்குப் போவதில்லை. 70 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, சிவிட்டவெக்கியா என்ற துறைமுகத்தில் நிற்கிறது. 7 மணி என்பது கப்பல் கரையணையும் நேரம், நீங்கள் இறங்கும் நேரம் வேறு. இரவு 7 என்பது கயிற்றை அவிழ்க்கும் நேரம், அதற்கு அரை மணி முன்பே கேங்வே பாலத்தை எடுத்துவிடுவார்கள்.

கரையில் கிடைக்கும் நேரத்தைத் திட்டமிடுவது என்றால் எந்த இடங்களைப் பார்ப்பது என்ற பட்டியலில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். மணிக்கணக்கை முதலில் போட்டுவிட்டால் பட்டியல் தானாகச் சுருங்கி, செய்ய முடிந்ததாக மாறிவிடும். அந்தக் கணக்கை மாலையிலிருந்து காலைக்குப் பின்னோக்கிப் போட வேண்டும்.

சிவிட்டவெக்கியாவையே எடுத்துக்கொள்வோம். கப்பல் புறப்பாடு 19:00. எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய கடைசி நேரம், கப்பல்காரர்கள் "ஆல் அபோர்டு" என்று சொல்வது, பெரும்பாலும் 18:30. சில கப்பல்களில் ஒரு மணி நேரம் முன்பாகவும் வைப்பார்கள். முதல் நாள் இரவு அறைக்கு வரும் தினசரி நிகழ்ச்சித் தாளிலோ கப்பலின் செயலியிலோ இருக்கும் நேரமே செல்லும், பயணச்சீட்டில் ஆறு மாதத்துக்கு முன் அச்சடித்தது செல்லாது. 18:30 நமக்குக் கெடு என்றால் குறி 17:30. அந்த ஒரு மணி நேரம் எதற்கும் செலவிடக்கூடாத பணம் போல. துறைமுக வாசலான லார்கோ டெல்லா பாச்சேயிலிருந்து கப்பல் வரை ஷட்டில் பஸ், வரிசையோடு சேர்த்து 20 நிமிடம்: 17:10. ரயில் நிலையத்திலிருந்து லார்கோ டெல்லா பாச்சேக்கு 20 நிமிட நடை: 16:50. ரோமின் சான் பியெத்ரோ நிலையத்திலிருந்து வட்டார ரயிலில் வர ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டால் 15:50. நடைமேடையைக் கண்டுபிடித்து நிற்க 15 நிமிடம். ஆக, 15:35க்கு நீங்கள் ரோமின் ரயில் நிலையத்தில் இருக்க வேண்டும்.

இனி காலையிலிருந்து முன்னோக்கி. 7:00க்குக் கப்பல் கட்டப்படுகிறது. துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்து, கேங்வே திறக்க 7:30 ஆகலாம். ஷட்டில் பஸ்ஸில் வெளிவாசலுக்கு 7:50. நிலையத்துக்கு 8:10. பயணச்சீட்டு எடுத்து ரயில் பிடிக்க 8:25. சான் பியெத்ரோ 9:25. அட்டவணையின் 12 மணி நேரத்தில் ரோமில் உங்கள் காலடி படுவது 9:30 முதல் 15:30 வரை, ஆறு மணி நேரம். அதில் சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் வரிசைக்கும் ஒன்றரை மணி நேரம் போனால் மிச்சம் நாலரை.

நாலரை மணி நேரத்தில் வத்திக்கான் அருங்காட்சியகமும் கொலோசியமும் சேர்ந்து நடக்காது. முயன்றால் இரண்டையும் ஓட்டமாகப் பார்த்து இரண்டையும் தொலைக்க நேரும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சான் பியெத்ரோவில் இறங்கினால் 15 நிமிட நடையில் புனித பேதுரு பேராலயம். உள்ளே போகக் கட்டணம் இல்லை, பாதுகாப்புச் சோதனைக்கு மட்டும் வரிசை. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், ஜூலை வெயிலிலும் விடமாட்டார்கள். பிறகு ஏஞ்சலோ கோட்டைப் பாலம் வழியாக ஆற்றைக் கடந்து நவோனா சதுக்கம், பழைய ரோமானியக் கோவிலான பாந்தியன், ட்ரெவி என்று ஒரே கோடாக நடக்கலாம். திரும்ப 64ஆம் எண் பஸ் சான் பியெத்ரோ நிலையம் வரை போகும். பிக்பாக்கெட்டுக்குப் பேர்போன தடம் அது, பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கொலோசியம்தான் ஆசை என்றால் சான் பியெத்ரோவில் இறங்காமல் ஒஸ்தியென்சே வரை போங்கள். நிலையத்தோடு ஒட்டிய பிரமிடே மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் கொலோசியம். டெர்மினி வரை போகாமலிருப்பது நல்லது. சிவிட்டவெக்கியா ரயில்கள் நிற்கும் நடைமேடைகள் அங்கே பிரதான கூடத்திலிருந்து வெகு தள்ளி, வேகமாக நடந்தாலே ஏழெட்டு நிமிடம் ஆகும். ரயில் தவறுவது பெரும்பாலும் அந்த நடையில்தான்.

கிழமையும் பாருங்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்றைய கூட்டத்தில் ஆறு மணி நேரக்காரருக்கு வேலை இல்லை. புதன் காலையில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு இருந்தால் பேராலயத்துக்குள் போவது மதியம் வரை தடைபடும். பாந்தியனுக்கு 2023 ஜூலை முதல் கட்டணம் உண்டு. ஃப்ளோரன்ஸில் உஃபிசி ஓவியக்கூடமும் டேவிட் சிலை இருக்கும் அக்காதெமியாவும் திங்களன்று விடுமுறை. கப்பலை முன்பதிவு செய்யும்போதே எந்தத் துறைமுகம் எந்தக் கிழமையில் வருகிறது என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு புறப்பாட்டுத் தேதிகளுக்கு இடையே தயங்குகிறவர்களுக்கு இதுவே முடிவு சொல்லிவிடும்.

வட்டார ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு சீட்டே இல்லை என்று கணக்கு, அபராதம் விழும். செல்பேசியில் வாங்கியதற்கு முத்திரை வேண்டாம், பயணத்துக்கு முன் செக்-இன் செய்ய வேண்டும். வேலைநிறுத்தம் இத்தாலியில் முன்கூட்டியே அறிவிக்கப்படும், "ஷோபெரோ" என்ற சொல்லைத் தேடினால் தேதி கிடைக்கும். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசிய ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது அங்கே விதி. கப்பல் பயணிக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. காலையில் ரயில் ஓடுகிறதே என்று ரோமுக்குப் போய்விடுவோம், திரும்ப வேண்டிய பிற்பகல் மூன்றரை மணிக்கு ரயில் இருக்காது. வேலைநிறுத்த நாளில் ரயிலை நம்பாதீர்கள்.

ஊரின் பெயர், துறைமுகத்தின் பெயர்

அட்டவணையில் பெரிய எழுத்தில் இருப்பது ஊர், அடைப்புக்குறிக்குள் சின்னதாக இருப்பதுதான் கப்பல் நிற்கும் இடம். சின்னதையே படியுங்கள். "பாரிஸ்" என்றால் லெ ஆவ்ர், ரயிலிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல். "பெர்லின்" என்றால் பால்டிக் கடலோர வார்னமுண்டே, போக மட்டும் ஏறத்தாழ மூன்று மணி நேரம். "வெனிஸ்" என்பது 2021 ஆகஸ்டுக்குப் பிறகு இன்னும் சிக்கல். 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜியுதெக்கா கால்வாயில் நுழையக்கூடாது என்று இத்தாலி அரசு தடைபோட்டதால், வெனிஸ் என்று எழுதிவிட்டு ரவென்னாவிலோ த்ரியெஸ்தேயிலோ நிறுத்துகிறார்கள். ரவென்னாவிலிருந்து வெனிஸ் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். ரவென்னாவிலேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள மொசைக் தேவாலயங்கள் இருக்கின்றன. ஒருநாள் மட்டும் கப்பல் நிற்கிறது என்றால் வெனிஸை விட்டுவிட்டு அவற்றைப் பாருங்கள் என்பேன்.

இப்படி விட்டுவிடச் சொல்லும் இன்னொரு இடம், பலருக்குக் கோபம் வரலாம், லிவோர்னோவில் இறங்கி ஃப்ளோரன்ஸ் போவது. காலை 8 முதல் மாலை 6 வரை நிற்கும் கப்பலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லிவோர்னோ சரக்குத் துறைமுகம், உள்ளே நடக்க அனுமதி இல்லை, ஊர் மையம் வரை ஷட்டில் பஸ்தான். அங்கிருந்து ரயில் நிலையம் இன்னொரு பஸ் அல்லது டாக்ஸி தூரம். 8:30க்கு இறங்கினாலும் ரயில் நிலையம் சேர 9:35, ஃப்ளோரன்ஸ் சேர 11:15. திரும்பும் ரயில் 14:30க்கு. கையில் மூன்று மணி நேரம். ஃப்ளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்துக்கு ஏற 463 படிகள், முன்பதிவு கட்டாயம். உஃபிசிக்கு மட்டுமே இரண்டரை மணி நேரம் வேண்டும். வாசலைத் தொட்டுவிட்டு ஓடிவருவதற்கு ஐந்து மணி நேர ரயில், பஸ் அலைச்சல். அதே லிவோர்னோவிலிருந்து பீசா ரயிலில் கால் மணி நேரம்தான். பீசாவிலிருந்து லுக்கா அரை மணி நேரம். லுக்காவைச் சுற்றி நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளும் பழைய கோட்டைமதில் முழுக்க மரநிழல், மதில்மேலேயே சைக்கிள் ஓட்டலாம். இரண்டு ஊரையும் மூச்சு வாங்காமல் பார்த்துவிட்டு நாலு மணிக்குக் கப்பலில் இருக்கலாம். கப்பல் இரவு எட்டு வரை நிற்கிறது என்றால் ஃப்ளோரன்ஸ் போங்கள், அப்போது கணக்கு இடம் கொடுக்கும்.

பீசா கோபுரத்தில் ஏற நேரம் குறித்த சீட்டு வேண்டும், பைகளைக் காப்பறையில் வைத்துவிட்டுத்தான் ஏற விடுவார்கள். 8 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அனுமதியே இல்லை. வரிசையில் நின்ற பிறகு இது தெரியவந்தால் குழந்தை அழுவதைத் தவிர வேறு வழியில்லை, முன்பே சொல்லிவையுங்கள்.

நேப்பிள்ஸ் இதற்கு நேரெதிர். கப்பல் ஊரின் நட்டநடுவில் நிற்கும். வெளியே வந்தால் சில நிமிட நடையில் முனிசிப்பியோ மெட்ரோ, அங்கிருந்து கரிபால்டி, கரிபால்டியில் கீழ்த்தளத்தில் சிர்க்கும்வெசுவியானா ரயில். வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்த பழைய ஊரான பாம்பேயிக்கு 35 முதல் 40 நிமிடம். இங்கே ஒரு பெயர்க்குழப்பம் நாளை விழுங்கிவிடும். சொரெந்தோ போகும் ரயிலில் ஏறி "பாம்பேயி ஸ்காவி, வில்லா தெய் மிஸ்தேரி" என்ற நிறுத்தத்தில் இறங்க வேண்டும். வெறும் "பாம்பேயி" என்று பெயர் கொண்ட நிலையங்கள் வேறு தடங்களில் இருக்கின்றன, அவை புதிய ஊர்ப் பக்கம் கொண்டுபோய் விடும். ரயிலில் நிற்கத்தான் இடம் கிடைக்கும், கோடையில் வேர்த்துக் கொட்டும்.

2024 நவம்பரிலிருந்து பாம்பேயிக்குள் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மட்டுமே அனுமதி, சீட்டில் பெயர் இருக்கும், அடையாள அட்டையோடு பொருந்த வேண்டும். 30×30×15 சென்டிமீட்டரைவிடப் பெரிய பைக்கு இடமில்லை. மொத்தம் 66 ஹெக்டேர் நிலம், அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது, நிழல் என்று சொல்ல அநேகமாக எதுவும் இல்லை. தெருவெல்லாம் ஏறி இறங்கும் பாறைக்கல். அறுபது தாண்டிய அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு எர்கொலானோவை, அதாவது பழைய ஹெர்குலேனியத்தைத்தான் பரிந்துரைப்பேன். அதே ரயிலில் இருபது நிமிடம், நிலையத்திலிருந்து நேரே இறக்கத்தில் பத்து நிமிட நடை. அதே எரிமலை, அதே கி.பி. 79. இடம் மிகச் சிறியது என்பதால் இரண்டு மணி நேரத்தில் நிறைவாகப் பார்க்கலாம். மாடி வீடுகளும் எரிந்து கரியான மரக்கதவுகளும் இங்கேதான் நன்றாக மிஞ்சியிருக்கின்றன. திரும்பும்போது அந்த இறக்கம் ஏற்றமாகும், அதற்கு மட்டும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நேப்பிள்ஸில் நின்றுகொண்டு கேப்ரி தீவுக்குப் படகேறலாமா என்று கேட்பார்கள். படகுத்துறை கப்பலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஆசை வரும். காற்று எழுந்தால் முதலில் நிற்பது அந்த வேகப் படகுகள்தான், தீவிலிருந்து வரப் படகை விட்டால் வேறு வழி கிடையாது. காலைப் படகில் போய் மதியமே திரும்புவதானால் சரி, மாலைக் கடைசிப் படகை நம்பிப் போகாதீர்கள்.

படகு மாறி இறங்கும் துறைமுகங்கள்

கிரீஸின் சாந்தோரினி தீவில் கப்பல் கட்டுவதற்குத் துறை இல்லை. எரிமலை வாய்க்குள் ஆழம் அதிகம், கப்பல் நடுநீரில் நிற்க, சிறு படகுகளில் கரைக்கு வர வேண்டும். டெண்டர் என்று சொல்வது இதைத்தான். மூவாயிரம் பேர் கொண்ட கப்பலிலிருந்து படகுக்கு நூறு நூற்றைம்பது பேராக இறக்கினால் எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கப்பல் வழியாகச் சுற்றுலா வாங்கியவர்கள் முதலில், பிறகு உயர் வகுப்பு அறைக்காரர்கள், பிறகு எண் எழுதிய டெண்டர் சீட்டு வாங்கியவர்கள். சீட்டு எங்கே, எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள் என்று முந்தைய இரவே பார்த்து, கொடுக்கத் தொடங்குவதற்குக் கால் மணி முன்பே குடும்பத்தோடு அங்கே இருங்கள். பல கப்பல்களில் குடும்பத்தில் எல்லோரும் நேரில் வந்தால்தான் ஒரே எண் தருவார்கள்.

கப்பல் வழியாகச் சுற்றுலா வாங்கியவர்களைப் பொதுவாக அத்தினியோஸ் துறையில் இறக்கி பஸ்ஸில் மேலே ஏற்றுவார்கள். மற்றவர்கள் தீவின் தலைநகரான ஃபிராவுக்குக் கீழே பழைய துறையில் இறங்குவார்கள். அங்கிருந்து மேலே போக மூன்று வழி: 580க்கும் மேற்பட்ட படிகள், கழுதை, கேபிள் கார். கேபிள் காரில் ஆறு பெட்டி, பெட்டிக்கு ஆறு பேர், அதாவது ஒரு தடவைக்கு 36 பேர். மூன்று நிமிடத்தில் மேலே போய்விடும், ஆனால் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். காலையில் ஏறும்போது வரிசை பொறுத்துக்கொள்ளக்கூடியது. மாலையில் எல்லாக் கப்பல்காரர்களும் ஒரே நேரத்தில் இறங்க வரும்போதுதான் சிக்கல், அப்போது உங்கள் தலைக்கு மேல் கடைசி டெண்டர் என்ற கெடுவும் இருக்கும். டெண்டர் துறைமுகத்தில் நிகழ்ச்சித் தாள் சொல்வது கரையிலிருந்து கடைசிப் படகு கிளம்பும் நேரம். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கேபிள் கார் வரிசையில் நில்லுங்கள். வரிசை நகராவிட்டால் படி வழியாக இறங்க அரை மணி நேரம் போதும். கழுதைச் சாணமும் தேய்ந்த கல்லுமாக வழுக்கும், பிடிப்புள்ள காலணி இல்லாமல் அந்த வழி வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் அதை மாற்றுவழியாக எண்ணவே கூடாது, மூன்று மணி நேரம் முன்பே கீழே வந்துவிடுவது அவர்களுக்கு நல்லது. கழுதையையும் சொல்லிவிடுகிறேன்: அந்த வெயிலில் பெரிய உடம்புகளைச் சுமந்து நாள் முழுக்க ஏறி இறங்கும் அந்த ஜீவன்களைப் பார்த்தால் மனம் வராது, காசு மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாந்தோரினியில் ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று 2025 முதல் வரம்பு உண்டு. அதே ஆண்டு ஜூலையிலிருந்து சாந்தோரினிக்கும் மிக்கோனோஸுக்கும் கோடை உச்சத்தில் தலைக்கு 20 யூரோ கட்டணமும் வந்திருக்கிறது. அது பெரும்பாலும் உங்கள் கப்பல் கணக்கில் ஏறிவிடும், இறுதி ரசீதில் பார்த்துப் பதற வேண்டாம்.

டெண்டர் துறைமுகம் எப்போது வேண்டுமானாலும் ரத்தாகலாம். அலை கொஞ்சம் உயர்ந்தால் படகில் ஆளை ஏற்றுவது ஆபத்து, கேப்டன் காலை ஏழு மணிக்கு ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுக் கப்பலைத் திருப்பிவிடுவார். துறைமுகக் கட்டணத்தைத்தான் திருப்பித் தருவார்கள், நீங்கள் தனியாக வாங்கிய படகுச் சவாரிக்கோ வாடகை வண்டிக்கோ அவர்கள் பொறுப்பல்ல. இந்தத் துறைமுகங்களுக்கு மட்டும், ரத்து செய்தால் பணம் திரும்பும் முன்பதிவுகளையே எடுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், ஆடும் படகுக்கும் மேடைக்கும் இடையே தானாக ஓரடி எடுத்துவைக்க முடியாதவர்களைப் பல கப்பல்களில் டெண்டரில் ஏற்றமாட்டார்கள். முதியவர்களோடு போகும் குடும்பங்கள், பயணத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே எத்தனை துறைமுகங்கள் டெண்டர் என்று கேளுங்கள்.

ஏதென்ஸ் சுலபம். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர். 2022 அக்டோபரில் மெட்ரோவின் மூன்றாம் தடம் பிரேயஸ் வரை நீண்ட பிறகு, டிமோட்டிக்கோ தியாத்ரோ நிலையத்திலிருந்து மொனாஸ்திராக்கிக்கு நேரே போகலாம். குன்றின் மேல் இருக்கும் பழங்காலக் கோவில் வளாகமான அக்ரோபொலிஸுக்கு மணிவாரியாக நேரச்சீட்டு, நாளைக்கு 20,000 பேர், 2025 ஏப்ரலிலிருந்து 30 யூரோ. தெற்குச் சரிவு வாசலில் கூட்டம் குறைவு. கடும் வெயில் நாட்களில் நண்பகலிலிருந்து மாலை ஐந்து வரை மூடிவிடுகிறார்கள், எனவே காலை முதல் நேரத்தையே எடுங்கள்.

கடிகாரம் என்ற பெரிய வில்லங்கம்

கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு. ஊர் நேரத்தோடு அது ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். சிங்கப்பூரிலிருந்து புக்கெட் போகும் கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால், கரையில் இறங்கியதும் உங்கள் செல்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். ஐந்து மணிக்குள் ஏற வேண்டும், செல்பேசி நாலு காட்டுகிறது, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று கடலோரத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். கப்பலில் அப்போதே மணி ஐந்து. இத்தாலியிலிருந்து கிரீஸ் போகும்போது இது தலைகீழ். கப்பல் இத்தாலி நேரத்தில் இருந்தால் ஊர் நேரம் ஒரு மணி முன்னால் ஓடும். கப்பல் தவறாது, ஆனால் ஊர் நேரப்படி ஒன்பது மணிக்கு வாங்கிய அக்ரோபொலிஸ் சீட்டு தவறிவிடும். தீர்வு எளிது. செல்பேசியில் நேரம் தானாக மாறும் வசதியை அணைத்துவிடுங்கள், அல்லது சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கேங்வேயில் இறங்கும்போது வாசலில் எழுதிவைத்திருக்கும் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்வதும் நல்ல பழக்கம்.

செல்பேசியைப் பற்றி இன்னொன்று: கப்பலில் இருக்கும்வரை ஃப்ளைட் மோடிலேயே வையுங்கள். கடலில் கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்போடு அது தானாக ஒட்டிக்கொண்டால், சாதாரண ரோமிங் திட்டம் அதற்குப் பொருந்தாது, கட்டணம் எங்கேயோ போய்விடும்.

கப்பல்காரர்களின் சுற்றுலாவா, நாமே போவதா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அவர்களின் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே கொண்டுசேர்ப்பார்கள். அந்த உத்தரவாதத்துக்குத்தான் அந்த விலை. பதிலுக்கு நாற்பது பேர் ஒருவருக்கொருவர் காத்திருப்பதும் கடை நிறுத்தங்களும் உண்டு. தூரமும் மாற்றுவழியும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். நேப்பிள்ஸ், ஏதென்ஸ், கோட்டைமதில் அருகிலேயே கப்பல் நிற்கும் கோட்டோர் போன்ற இடங்களில் தனியாகப் போங்கள். ரோமுக்கு வேலைநிறுத்தம் இல்லாத நாளில் தனியாகப் போகலாம். லெ ஆவ்ரிலிருந்து பாரிஸ், லேம் சபாங்கிலிருந்து பாங்காக் போன்றவற்றுக்கு அவர்கள் பஸ்ஸே மேல். லேம் சபாங்கிலிருந்து பாங்காக் 120 கிலோமீட்டருக்கும் மேல், நெரிசலில் எப்போது திரும்புவோம் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. "ஆன் யுவர் ஓன்" என்ற பெயரில் வழிகாட்டி இல்லாமல் ஊர்வரை கொண்டுபோய்க் கொண்டுவரும் பஸ் மட்டும் விற்பார்கள். உத்தரவாதமும் கிடைக்கும், ஊரில் உங்கள் இஷ்டத்துக்கும் நடக்கலாம்.

சிங்கப்பூர்க் கப்பல்களில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவின் போர்ட் கிளாங்கில் கப்பல் நிற்பது புலாவ் இந்தா தீவில், கிளாங் ரயில் நிலையத்துக்கு அருகில் அல்ல. கோலாலம்பூருக்குச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். பத்துமலையின் 272 படிகள் ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு இரட்டைக் கோபுரமும் பார்ப்பது பத்து மணி நேரம் நிற்கும் கப்பலுக்கு மட்டுமே பொருந்தும். பினாங்கு அப்படியல்ல. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் கால்நடையிலேயே ஜார்ஜ் டவுன். கால் மணி நேர நடைக்குள் குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டு மகாமாரியம்மன் கோவில், அதைச் சுற்றி லிட்டில் இந்தியா, பக்கத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம்கள் உருவாக்கிய நாசி கண்டார் (சோறும் குழம்பும்) கடைகள். கப்பல் ஐந்து மணி நேரம் நின்றாலும் நிறைவாகப் பார்த்துவிடலாம். பினாங்கு மலை ரயிலுக்கு ஆசைப்பட்டால் மட்டும் வரிசை அரை நாளைத் தின்னும்.

வாரத்தில் ஐந்து துறைமுகம் என்றால் ஐந்திலும் காலை ஆறரைக்கு எழுந்து ஓடுவது நடக்காது. நாலாம் நாள் பெரியவர்களுக்குக் கால் வீங்கும், பிள்ளைகள் எரிச்சல்படும். இரண்டு கனமான நாட்களுக்கு நடுவே ஒரு இலகுவான நாள் வையுங்கள். துறைமுக ஊரிலேயே இரண்டு மணி நேரம் நடந்து, காபி குடித்து, மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே வந்துவிடுவது. எல்லோரும் இறங்கிப் போன கப்பலில் நீச்சல்குளம் காலியாக இருக்கும். ஒரு துறைமுகத்தில் இறங்காமலே இருப்பது வீண் அல்ல.

சைவர்களுக்கு இத்தாலியில் கஷ்டமில்லை. "மரினாரா" என்ற பீட்சா, பெயரைக் கேட்டு மீன் என்று பயந்துவிடாதீர்கள், தக்காளியும் பூண்டும் ஓரிகானோவும் எண்ணெயும் மட்டும்தான், சீஸ்கூட இல்லை. கப்பலிலிருந்து பழமோ சமைத்த உணவோ கரைக்குக் கொண்டுபோகப் பல நாடுகளில் தடை, மூடிய பிஸ்கட் பொட்டலம் போதும். ரோமின் தெருக்குழாய்களில் வரும் தண்ணீர் குடிக்கத்தக்கது, காலி பாட்டில் மட்டும் எடுத்துப்போங்கள். ரயில் நிலையக் கழிப்பறைகளுக்குச் சில்லறை யூரோ வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் விசாவைத் துறைமுக வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிரீஸில் ஏறி, துருக்கியின் குஷாடாசிக்குப் போய், மறுபடி கிரீஸுக்கு வரும் கப்பலில், ஒருமுறை நுழைவு மட்டும் உள்ள ஷெங்கன் விசா செல்லாது. பலமுறை நுழைவு வேண்டும். இறங்கப்போவதில்லை என்று சொன்னாலும் விசா இல்லாதவரைப் பயணத்தின் முதல் நாளே கப்பலில் ஏற்றாமல் விட்டுவிடலாம்.

எல்லாம் செய்தும் கப்பல் தவறலாம். அதற்கான ஏற்பாடு காலையிலேயே தொடங்குகிறது. கப்பல் அட்டை, கடவுச்சீட்டின் நகல் அல்லது அசல், ஒரு வங்கி அட்டை, ஒருநாள் மருந்து, இவை நான்கும் கையில் இருக்க வேண்டும். அசலைக் கப்பலே வாங்கி வைத்திருந்தால் நகலாவது வேண்டும். நிகழ்ச்சித் தாளின் ஓரத்தில் துறைமுக ஏஜென்டின் பெயரும் தொலைபேசி எண்ணும் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாமதமாகிறது என்று தெரிந்த நொடியே அந்த எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். கப்பல் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆனால் நீங்கள் வரவில்லை என்று தெரிந்தால் கப்பல் ஊழியர்கள் அறையின் பெட்டகத்தைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்து ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போவது பல நிறுவனங்களின் வழக்கம். துறைமுகத்துக்கு வந்ததும் முதலில் அவரைத் தேடுங்கள். அடுத்த துறைமுகத்துக்கு விமானமோ ரயிலோ உங்கள் செலவில்தான். வழியில் விசா இல்லாத நாடு வருகிறதா என்று டிக்கெட் எடுப்பதற்கு முன் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.